பென்ட்விக் வாசல்

6 ஜனவரி 2009, செவ்வாய்

பென்ட்விக் கடையின் சிவப்பு எழுத்துகளையெல்லாம் இன்று இறக்கினோம். ஏணியில் நான், கீழே ஃபில், வண்டிக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு முதலாளி பாரி. கடைகளுக்குப் பெயர்ப்பலகை மாட்டுவதுதான் எங்கள் தொழில். போன அக்டோபரிலிருந்து மாட்டியதைவிடக் கழற்றியதுதான் அதிகம்.

சனிக்கிழமையோடு கடை முடிந்தது. நாடு முழுக்க நானூறு கிளைகளும் ஒரே நாளில். கடைசி இரண்டு மணி நேரத்தில் அலமாரி, கூடை, துடைப்பம் வரை சீட்டு ஒட்டி விற்றார்கள். பணியாளர் அறையிலிருந்த கெட்டிலை ஒருவன் வாங்கிப் போனபோது உள்ளே தண்ணீர் இன்னும் சூடாக இருந்ததாம். அம்மா சொன்னாள். இருபத்திரண்டு வருஷம் அங்கே வேலை பார்த்தவள். கடை மூடப்போகிற சேதியை அவளுக்குச் சொன்னது தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவன்.

பிளாஸ்டிக் பலகையைப் பெயர்த்தால் உள்ளே இன்னொன்று. அறுபதுகளில் வைத்த எஃகு எழுத்து. அதற்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடியில் தங்க எழுத்து, 1912. மூன்றும் பென்ட்விக்தான். எல்லாவற்றுக்கும் அடியில் மரப்பலகை, பச்சைப் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து: ‘எ. குரோஸ்லி & மகள்கள், துணி வணிகம்.’

“யாருய்யா இந்தக் குரோஸ்லி?” என்றான் ஃபில்.

பாரி வண்டிக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினார். “பென்ட்விக்காரன் வந்து முழுங்கினானே, அந்தாளு. நீ எழுத்தக் கீழ போட்டு உடைக்காம இறக்கு. அப்புறம் வரலாறு படிக்கலாம்.”

பென்ட்விக் லீட்ஸ் சந்தையில் ஒரு மேசை போட்டு ஊசி நூல் விற்று ஆரம்பித்தவன். அம்மாவுக்குக் கொடுத்த பயிற்சிப் புத்தகத்தில் பெருமையாகப் போட்டிருக்கும். ஊர் ஊராகப் போய், இருந்த கடையை வாங்கி, பேரைச் சுரண்டிவிட்டு, எல்லா இடத்திலும் ஒரே சிவப்பு, ஒரே கதவு, ஒரே விலை. குரோஸ்லியின் மகள்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்று அந்தப் புத்தகத்தில் இல்லை. இன்று எங்கள் ஆர்ட்லி ஊரே நடைபாதையில் நின்று பென்ட்விக்குக்காக மூக்கைச் சிந்தியது. எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

12 ஜனவரி, திங்கள்

அம்மா காலை ஏழரைக்குக் கடைச் சீருடையைப் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்தாள். பிறகு ஞாபகம் வந்து மேலே போனாள்.

19 ஜனவரி, திங்கள்

கார்லைப் பார்த்தேன்.

வேலைக்குப் போகிற வழியில், பென்ட்விக் வாசலில். முதலில் யாரோ என்று தாண்டிப் போனேன். “ஏய் ஜனீன், கடை திறக்கலையா?” என்று பின்னால் குரல். தூங்கும் பைக்குள்ளிருந்து என் அண்ணன் தலையை நீட்டிச் சிரிக்கிறான். தாடி. முன்பல் ஒன்றைக் காணோம்.

“இங்க என்னடா பண்ற?”

“பென்ட்விக்ல வேலை கிடைச்சிருக்கு. நைட் ஷிஃப்ட்.”

நவம்பரில் அம்மா அவனை வீட்டைவிட்டு அனுப்பினாள். அப்பாவின் கார்னெட்டை விற்றுவிட்டான். அப்பா சுரங்கத்து வாத்தியக் குழுவில் ஊதிய கார்னெட், அவர் போன பிறகு அது ஒன்றுதான் மிச்சம். மாத்திரைக்காக விற்றான். மாத்திரை எதற்காக? முதுகுக்காக. முதுகு எதனால் போனது? பாரியின் ஏணியிலிருந்து விழுந்ததனால். எனக்கு முன் இந்த வேலையில் இருந்தவன் அவன்தான். அவன் விழுந்த அன்று அவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, நஷ்டஈடும் இல்லை. அடுத்த வாரம் பாரி அந்த வேலையை எனக்குக் கொடுத்தார். பெரிய மனசு. நானும் வாங்கிக்கொண்டேன்.

இந்த வாசல்தான் ஊரிலேயே சிறந்தது என்கிறான். “உள்ள எட்டடி போகுது பாரு. ரெண்டு பக்கமும் கண்ணாடி, மேல கூரை. காத்து திரும்பி வர்றதுக்குள்ள களைச்சுப் போயிடும். மத்த கடையெல்லாம் கண்ணாடிய நேரா நடைபாதையில கொண்டாந்து நிறுத்திட்டானுங்க. படுத்தா கால் பஸ்ஸுக்குள்ள போகும்.”

உண்மைதான். அந்தக் காலத்தில் சரக்கைக் காட்டுவதற்காக வாசலை உள்ளே இழுத்துக் கட்டினார்கள். நிற்கிறவர்கள் மழையில் நனையாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டே கதவு வரை போய்விடுவார்கள். பிறகு இடம் வீண் என்று தெருவில் எல்லாரும் தட்டையாக்கிவிட்டார்கள். ஆர்ட்லி கிளைக்கு மட்டும் தலைமை அலுவலகம் கடைசிவரை காசு ஒதுக்கவில்லை. அந்தக் கஞ்சத்தனத்தில்தான் என் அண்ணன் தூங்குகிறான்.

2 பிப்ரவரி, திங்கள்

பனி. பஸ் இல்லை, வேலை இல்லை. ஃபிளாஸ்க்கில் டீயும் இரண்டு சாஸேஜ் ரோலும் எடுத்துக்கொண்டு நடந்தே போனேன். கார்ல் குஷியாக இருந்தான். இன்று காலை ரூத் அவனைப் பார்த்துவிட்டாளாம்.

ரூத் நகராட்சிக்காரி. விடியற்காலை ஐந்திலிருந்து ஆறுக்குள் டார்ச்சோடு சுற்றுவாள். ஒருவன் தெருவில் படுப்பவன்தான் என்று எழுத, அவனை அதே இடத்தில், படுத்த நிலையில், மூன்று தடவை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். மூன்றும் ஆனால் விடுதியில் அறை. சாவியோடு. நடுவில் ஒரு தடவை இல்லாமல் போனால் முதலிலிருந்து.

“நான் சொல்றேன்ல, என் அண்ணன்னு. கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

“நீ சொன்னா செல்லாது. நானே ‘அம்மா, நான் தெருவுலதான் படுக்குறேன்’னு சொன்னாலும் செல்லாது. அவ பாக்கணும். பறவை பாக்குறவங்க மாதிரி.”

“ஒரு நாள் என்கூட வீட்டுக்கு வந்து குளிச்சிட்டுப் போ.”

“அந்த நாளா பாத்து வந்துட்டா?”

இது ஒன்று. இன்னும் இரண்டு.

11 பிப்ரவரி, புதன்

பாரிக்குப் பெரிய வேலை கிடைத்திருக்கிறது. தெருவில் பதினான்கு கடைகள் காலி. ஊர் செத்தாற்போலத் தெரிகிறதாம். எனவே நகராட்சி கடைகளைப் படமாக அச்சடித்து ஒட்டப்போகிறது. பொய்க் கடைகள். இறைச்சிக் கடை, புத்தகக் கடை, பூக்கடை. உள்ளே விளக்கு எரிவதுபோல, கல்லாவில் ஆள் சிரிப்பதுபோல. தூரத்திலிருந்து காரில் போகிறவனுக்கு நிஜமாகத் தெரிந்தால் போதும்.

“பதினாலு கடை! இந்தத் தெருவுல ஒரே வருஷத்துல பதினாலு கடை திறந்தவன் என்னைத் தவிர எவனாவது உண்டா?” என்று பாரி மேசையைத் தட்டினார்.

அளவெடுக்கும் வேலை எனக்கு. பதினான்கில் ஒன்று பென்ட்விக்.

13 பிப்ரவரி, வெள்ளி

அளவெடுத்தேன். படிவத்தில் ‘நுழைவாயில்’ என்று ஒரு கட்டம், ‘தரை’ என்று ஒரு கட்டம், ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். தட்டை வாசல் என்றால் கண்ணாடிமேல் படத்தை ஒட்டினால் போதும். உள்வாங்கிய வாசல் என்றால் ஐந்து கண்ணாடிக்கும் தனித்தனியாக ஒட்ட வேண்டும், வேலை அதிகம். பாரி பலகையடித்து நேராக மூடிவிடுவார். அதை எப்படித் தடுப்பது?

மண்டியிட்டு யோசித்துக்கொண்டிருந்தபோது தரை கண்ணில் பட்டது. மொசைக். அம்மா சனிக்கிழமைதோறும் துடைத்த தரை. நீலமும் வெள்ளையுமாக இலை வளையம், நடுவில் பென்ட்விக்கின் பெயர். ஒவ்வொரு சில்லும் விரல்நகம் அளவு.

குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: ‘1912ஆம் ஆண்டு மொசைக் தரை. அபூர்வமானது. இதை மறைக்கவோ இதன்மேல் பலகை அடிக்கவோ கூடாது. மரபுப் பிரிவு பார்வையிட வேண்டும்.’

பழைய ஓடு என்றால் இந்த நாட்டில் மந்திரிகூடத் தொப்பியைக் கழற்றுவார். ஆளைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள்? சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

19 பிப்ரவரி, வியாழன்

ரூத் இரண்டாம் தடவை கார்லைப் பார்த்துவிட்டாள். ஒரு விரலை மடக்கிக்கொண்டு மற்ற இரண்டை என்னிடம் ஆட்டினான், கிறுக்கன். மூன்றாவது மார்ச் இரண்டாம் வாரம் என்று சொல்லியிருக்கிறாளாம்.

24 பிப்ரவரி, செவ்வாய்

நகராட்சி மரபுப் பிரிவிலிருந்து திருமதி ஆஸ்கித் வந்தார், பாரியோடு. அறுபது வயது, மழைக்கோட்டு, கழுத்தில் பூதக்கண்ணாடி. கார்ல் பகலில் நூலகத்தில் இருப்பான். அவனுடைய அட்டைகள் மட்டும் மூலையில் மடித்து வைத்திருந்தன.

அந்த அம்மாள் அப்படியே முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். “அடடா! அடடா! இது கையால பதிச்சதும்மா. இத்தாலியிலேருந்து வந்தவங்க ஊர் ஊராப் போய்ப் பதிச்சாங்க. இவ்வளவு நாளா எங்க கண்ணுல படலையே! எழுதி அனுப்பினது நீதானா? உனக்கு நல்ல கண்ணு.”

எனக்குப் பெருமையாக இருந்தது. ஐந்து நிமிஷம்.

பிறகு அட்டைகளைப் பார்த்தார். “யாரோ படுக்குறாங்க போலிருக்கே. ஐயோ, ஈரம் தேங்கினா இந்தச் சில்லெல்லாம் பெயர்ந்துடுமே. பாரி, இதை உடனே காப்பாத்தணும். தரையத் தொடாம, வாசல் முன்னாடி நேராப் பலகை அடிச்சு மூடிடுங்க. ஒரு எலி போகக் கூடாது.”

“மூடணுமா?” என்றேன். “மூடக் கூடாதுன்னுதானே எழுதினேன்?”

“தரைய மூடலையேம்மா. வாசலைத்தான மூடுறோம்.”

பாரி என் முதுகில் தட்டினார். “நல்ல காரியம் பண்ணின பொண்ணு. கூடுதல் வேலை.”

அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. அதுதான் தாங்கவில்லை. ஓட்டுச் சில்லுக்காக உண்மையாகவே கண்கலங்கினார். நான்தான் கூப்பிட்டேன். நான்தான் காட்டிக்கொடுத்தேன். சும்மா ‘சாதாரணம்’ என்று எழுதியிருந்தால் பாரி அலட்சியமாக விட்டிருப்பாரோ? விட்டிருக்கமாட்டாரோ? தெரியவில்லை. இனித் தெரியவும் தெரியாது.

25 பிப்ரவரி, புதன்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“வீட்டுக்குக் கூட்டிட்டு வரவாம்மா?”

“உள்ள இருந்தா திருடுவான். வெளிய இருந்தா செத்துப்போவான். நான் எதடி பாத்துட்டு உக்காந்திருக்கறது?”

பத்து நிமிஷம் கழித்து: “எங்க படுக்கறான்? கதவுக்கு வலது பக்கமா, இடது பக்கமா?”

“வலது.”

“இடது பக்கம் படுக்கச் சொல்லு. வலது பக்கம் மழைன்னா தரை வேர்க்கும்.”

பிறகு மாடிக்குப் போய், அந்தத் தரையைத் துடைக்கும்போது முழங்காலுக்குப் போட்டுக்கொள்ளும் ரப்பர் மெத்தையைக் கொண்டுவந்து என் பைக்குள் வைத்தாள்.

10 மார்ச், செவ்வாய்

மாட்டிவிட்டோம். நானும் ஃபிலும். வாசல் இருந்த இடத்தில் இப்போது ‘குரோஸ்லி & மகள்கள், அடுமனை’. பெயர் திருமதி ஆஸ்கித்தின் யோசனை. பென்ட்விக் விழுங்கிய குரோஸ்லியைப் பென்ட்விக் செத்தபின் படமாக எழுப்பியாகிவிட்டது, துணிக்குப் பதிலாக ரொட்டி விற்கிறார்கள். அச்சடித்த ஜன்னலில் ரொட்டி அடுக்கு, மஞ்சள் வெளிச்சம். பல் தெரியச் சிரிக்கும் இரண்டு பெண்கள். எந்த நாட்டுக்காரிகளோ.

நடுவில் அச்சடித்த கதவு. பச்சைக் கதவு, பித்தளைக் கைப்பிடி, ‘திறந்திருக்கிறது’ என்ற அட்டை.

அந்தக் கதவின் கீழ்ப் பாதியை நேற்றே பட்டறையில் அறுத்துவிட்டேன். கோட்டின்மேலேயே அறுத்ததால் வெளியிலிருந்து தெரியாது. உள்பக்கம் கீல், ஒரு காந்தம், ஒரு மரத் தாழ். குனிந்து தள்ளினால் ஆள் நுழையலாம். பிறகு மூடவேண்டி வந்தால் இருக்கட்டும் என்று நான்கு மூலையிலும் திருகாணிக்குத் துளை விட்டிருக்கிறேன், திருகாணி போடவில்லை. ஃபில் பார்த்தான். பார்த்துவிட்டு, “எனக்கு டீ வேணும்” என்று போய்விட்டான். நல்லவன்.

மாலையில் கார்லைக் கூட்டிவந்து காட்டினேன். நுழைந்து பார்த்துவிட்டு உள்ளேயிருந்து கத்தினான்: “ஜனீன், சத்தியமா, இது ரூமுடி!”

காற்றே இல்லை. இடது பக்கம் அம்மாவின் ரப்பர் மெத்தை. எனக்கும் சந்தோஷம். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக வீட்டுக்கு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

12 மார்ச், வியாழன்

முட்டாள். முட்டாள். முட்டாள்.

ரூத் இன்று வந்தாள். மூன்றாவது தடவை. வாசல் இருந்த இடத்தில் ரொட்டிக் கடை. டார்ச்சை அடித்துப் பார்த்திருக்கிறாள். ‘இடத்தில் இல்லை’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

அவன் உள்ளேதான் படுத்திருந்தான். முழித்துக்கொண்டு.

“ஒரு தட்டுத் தட்டியிருக்கலாமேடா! ‘இங்க இருக்கேன்’னு ஒரு வார்த்தை!”

“வெளிச்சம் அந்த இடுக்கு வழியா என் மூஞ்சியிலேயே அடிச்சுது. கையத் தூக்கினேன். அப்புறம் யோசிச்சேன். கதவ எவன் அறுத்தான்னு கேப்பாங்கல்ல. பாரி உன்னத்தான் கேப்பான். வீட்டுல ஒருத்திக்குத்தான் இப்ப வேலை இருக்கு.”

“நான் கேட்டேனா உன்ன?”

“மூச்ச அடக்கிட்டு இருந்தேன்டி. ரொம்ப நேரம் நின்னா. ‘கார்ல்?’னு கூப்பிட்டா. ஒரு தடவைதான். நல்ல பொம்பள.”

நான் அவனை மறைத்தேன், அவன் என்னை மறைத்தான். பார்க்கப்படுவதற்காக ஏழு வாரம் பனியில் கிடந்தவன்.

13 மார்ச், வெள்ளி

ரூத்துக்கு போன் செய்தேன். அறுத்த கதவைப் பற்றியும் சொன்னேன், போகட்டும் வேலை என்று. அவள் பொறுமையாகக் கேட்டாள். “நம்புறேன்மா. ஆனா நான் பாக்கலையே. பாத்தேன்னு எப்படி எழுத முடியும்? திங்கள்லேருந்து புதுசா ஆரம்பிக்கலாம். வெளிய தெரியற மாதிரி ஒரு இடத்துல படுக்கச் சொல்லு.”

வெளியே தெரிகிற மாதிரி. எந்த இடத்தில்? பதினான்கு வாசலையும் நாங்கள்தான் ஒட்டி முடித்தோமே.

20 மார்ச், வெள்ளி

மேயர் வந்தார். கழுத்தில் சங்கிலி. பத்திரிகைக்காரன் அவரைக் குரோஸ்லி அடுமனை முன்னால் நிறுத்தி, கைப்பிடியைப் பிடிப்பதுபோலப் படம் எடுத்தான். ஒரு தாத்தா உண்மையாகவே ரொட்டி வாங்க வந்து அச்சடித்த ஜன்னலைத் தடவிப் பார்த்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், காது சிவந்து.

திருமதி ஆஸ்கித் என்னை மேயருக்கு அறிமுகம் செய்தார். “இந்தப் பொண்ணுதான் மொசைக்கக் கண்டுபிடிச்சது.” மேயர் கை குலுக்கினார். அவருக்கு ஐந்தடி பின்னால், பலகைக்கு அந்தப் பக்கம், அண்ணனின் தூங்கும் பை கிடந்தது. சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. நான் சொன்னது: “நன்றிங்க.”

23 மார்ச், திங்கள்

காலை டீ கொண்டுபோனேன். குனிந்து தள்ளினேன். நகரவில்லை. உள்ளே தாழ் போட்டிருக்கிறானா? தட்டினேன். இன்னும் பலமாகத் தட்டினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் படத்தை உதைக்கிறாளே என்று பார்த்தார்கள்.

அப்புறம்தான் மூலைகளைப் பார்த்தேன். நான்கு துளையிலும் திருகாணி. வெளியிலிருந்து. நான்கின் தலைக்கோடும் ஒரே திசையில், செங்குத்தாக, மயிரிழை பிசகாமல். பாரியின் பட்டறையில் முதல் நாள் கற்றுத்தருவது அது. ஃபில் அப்படிப் போடமாட்டான், அவனுக்குப் பொறுமை கிடையாது. நான் போடவில்லை. பாரி கண்டிருந்தால் என்னைக் கூப்பிட்டுக் கத்தியிருப்பார்; அங்கே கற்ற இன்னொருவன் கார்ல்தான்.

எவரும் எதையும் கண்டுபிடிக்க முடியாதபடி மூடிவிட்டுப் போயிருக்கிறான். திருப்புளி எங்கே கிடைத்தது அவனுக்கு?

டீயை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

29 மார்ச், ஞாயிறு

நூலகத்தில் இல்லை. பஸ் நிலையத்தில் இல்லை. கால்வாய்ப் பாலத்தடியில் இல்லை. அம்மாவும் வந்தாள். ஒவ்வொரு வாசலிலும் குனிந்து பார்த்தாள், அச்சடித்த வாசல்களிலும்.

6 மே, புதன்

ரூத் கூப்பிட்டாள். “உன் அண்ணனப் பாத்தியாம்மா?”

“இல்ல. நீங்க?”

“இல்ல.”

கோப்பை மூடவேண்டியிருக்கிறதாம். ஊரில் தெருவில் படுப்பவர்களின் எண்ணிக்கை இந்தக் காலாண்டில் குறைந்திருக்கிறது என்றாள். சொல்லும்போது அவள் குரலே அவளுக்குப் பிடிக்கவில்லை.

17 ஜூலை, வெள்ளி

பொய்க் கடைகள் நன்றாக ஓடுகின்றன. மற்ற ஊர் நகராட்சிகளும் பாரியைக் கூப்பிடுகின்றன. புது வண்டி வாங்கிவிட்டார். குரோஸ்லி மகள்களில் ஒருத்தியின் முகம் வெயிலில் நீலமாகிவிட்டது.

அம்மாவுக்கு மருத்துவமனையில் தரை துடைக்கும் வேலை. புது ரப்பர் மெத்தை வாங்கியிருக்கிறாள்.

8 அக்டோபர், வியாழன்

கடலோர ஊர் ஒன்றில் அளவெடுக்கப் பாரி அனுப்பியிருந்தார். பதினோரு கடைகள். கடைசிக் கடை பழைய செருப்புக் கடை, எங்கள் தெருவிலும் இதே கிளை இருந்தது, நாங்கள்தான் கழற்றினோம். இங்கே மட்டும் வாசலைத் தட்டையாக்காமல் விட்டிருக்கிறார்கள். உள்ளே பத்தடி. பென்ட்விக்கைவிட ஆழம்.

தரையில் மயில். தோகை முழுக்கப் பச்சை, ஊதா, பொன் நிறச் சில்லுகள். திருமதி ஆஸ்கித் பார்த்தால் மயங்கி விழுந்திருப்பார். இவ்வளவு அழகான ஒன்றை நான் என் கையால் தொட்டதில்லை.

மயிலின் கழுத்துக்குப் பக்கத்தில் அட்டைகள் மடித்து வைத்திருந்தன. சுருட்டிய தூங்கும் பை, சிவப்பு. கார்லுடையது பச்சை. இருந்தாலும் உட்கார்ந்து அரை மணி நேரம் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. மழை. இடது பக்கம் உலர்ந்திருந்தது.

பிறகு படிவத்தை நிரப்பினேன்.

நுழைவாயில்: தட்டை.

தரை: சிமெண்ட்.

குறிப்பு: ஒன்றுமில்லை.